அடகுக்குப் போகாத தோடு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பெண்ணின் காதில் தோட்டுக்குப் பதிலாக ஈர்க்குச்சி இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தோடு அடகுக்கடையில் இருக்கிறது. விசாரணை எல்லாம் கிடையாது. வைத்தவன் புருஷன், வைத்தது தவறணையில் குடிக்க. என் காதில் ஈர்க்கு ஏறிய மறுநாளே என் வீட்டுக்காரர் குடிகாரராகிவிட்டார். அவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. சாராய வாடை பட்டாலே தும்முகிற மனுஷன்.

குற்றவாளி என் தோல். டாக்டர்கள் எக்ஸிமா என்பார்கள்; அம்மாவுக்கு அது கரப்பான். முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் சிவந்து, வெடித்து, நீர் வடியும். கொஞ்ச நாள் அடங்கும். பிறகு சொந்தக்காரர் மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து குந்திக்கொள்ளும். இந்த லட்சணத்தில் எனக்குக் காது குத்தியே தீருவதென்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். கைக்குழந்தையாக இருந்தபோது மாமா மடியில் உட்காரவைத்துக் குத்தினார்கள். புண்ணாகி, கழற்றி, ஓட்டை தூர்ந்துபோனது. வயதுக்கு வந்தபோது மறுபடி குத்தினார்கள், மறுபடி தூர்ந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஹட்டனில் ஒரு நகைக்கடையில் மூன்றாம் முறை. "மூளிக்காதோட மணவறையில குந்துவியாடி?" என்றார் அம்மா. தாலி ஏறியது, தோடு ஏறியது, காது வீங்கியது.

ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. காதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நங்கி, தங்கத்தில கலக்கிற சாமான் ஒங்க தோலுக்குச் சரியில்ல. காதுக்குக் கொஞ்சம் லீவு குடுங்க" என்றார். தங்கை என்று கூப்பிட்டுச் சொன்னவர் பேச்சைத் தட்ட முடியுமா? கழற்றினேன். ஆனால் ஓட்டை தூர்ந்தால் அம்மா நான்காம் முறைக்குக் கிளம்பிவிடுவார். அதனால் புண் காய்ந்ததும் புது விளக்குமாற்றில் ஈர்க்கு ஒடித்து, கொதிதண்ணீரில் போட்டெடுத்துச் செருகிக்கொண்டேன். அட, ஒத்துக்கொண்டது! பவுன் ஆகாத காதுக்கு விளக்குமாறு ஆகிறது. எனக்கு வாய்த்த தோல் அப்படி.

"தோடு எங்க டீச்சர்?" என்று லயத்து வரிசையில் அடுத்த காம்பிரா வீட்டில் இருக்கும் அக்கா கேட்டார்.

"வீட்லதான் இருக்குக்கா."

"ஆமா ஆமா. எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. பாவம், நீங்களும் என்னா செய்வீங்க."

உண்மையைச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவள் "ஒட்டுமா?" என்று கேட்டாள், நான் பதில் சொல்வதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாங்குப் பலகைக்குப் போய்விட்டாள். இப்போது நான் தோட்டத்துப் பாலர் பாடசாலை டீச்சர். பிள்ளைகளைத் தூக்க வேண்டும், மூக்குத் துடைக்க வேண்டும், சோறு ஊட்ட வேண்டும். விஷயம் தெரிந்தால் எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? எங்கள் நோர்வூட் மலைக் குளிருக்குப் புண்ணியமாகப் போகட்டும், வருஷம் முழுக்க ஸ்வெட்டர் போட்டாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆக, என் வேலை பத்திரமாக இருந்தது. என் வீட்டுக்காரர் பெயர்தான் நாறியது. அவர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மாரியம்மன் கோவில் தேர் வந்தது. சரி, ஒரு நாளாவது இவர் மானத்தைக் காப்பாற்றுவோம் என்று தோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, சேலையும் ஸ்வெட்டருமாக மகாராணி மாதிரி போய் நின்றேன். அக்கா பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, மீட்டுட்டீங்களா!"

என்னத்தைச் சொல்ல. தேர் நகர்வதற்குள் காது தீயாக எரிந்தது. மேளம் அடிக்க அடிக்க எனக்குக் காதில் அடித்தது. கழுத்தில் நீர் வடிந்ததை என் வீட்டுக்காரர்தான் பார்த்தார்.

"கழட்டு."

"இப்பவா? எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

வீங்கிய காதில் திருகாணி லேசில் வரவில்லை. அவர் திருக, நான் "ஆ!" என்று கத்த, அம்மனைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் எங்களைப் பார்த்தது. அவர் இரண்டு தோட்டையும் கழற்றி, நிதானமாகத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அடப்பாவி, தேருன்னுகூடப் பாக்கலையே!" என்றார் அக்கா, தேருக்கே கேட்கும்படி.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் காதுக்கு மருந்து தடவிவிட்டார். நான் அழுதேன். எல்லாருக்கும் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

"சொல்லாத. ஒன்னையச் சொறிபுடிச்சவள்னு பேசுறதுக்கு, என்னையக் குடிகாரன்னு பேசிட்டுப் போகட்டும். எனக்கு வலிக்கல" என்றார்.

எனக்கு வலித்தது. மறுநாள் காலையில் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, குடத்தோடு தண்ணீர் விழும் பீலிக்குப் போனேன். லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் தண்ணீருக்கு நின்றார்கள். வேலை போனால் போகட்டும் என்று முழங்கையை நீட்டினேன்.

"நல்லாப் பாத்துக்கங்க. எனக்கு எக்ஸிமா. சின்னதுல இருந்து இருக்கு. ஒட்டாது. தோடு காதுக்கு ஆகல, அதான் கழட்டுனாரு. அவரு குடிக்கிறதும் இல்ல, அடகு வைக்கிறதும் இல்ல!"

ஒவ்வொருத்தராக விலகிப் போவார்கள் என்று காத்திருந்தேன். அக்கா தன் குடத்தை இறக்கி வைத்தார். நேரே வந்து, வெடித்துக் கிடந்த என் முழங்கையை ஈரக்கையால் அப்படியே பிடித்துக்கொண்டார். டாக்டரையும் என் வீட்டுக்காரரையும் தவிர, வளர்ந்தபிறகு அந்த இடத்தை யாரும் தொட்டதில்லை. அக்காவின் கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களாடி, புருசனக் காப்பாத்த என்னாவெல்லாம் சொல்லுது. அந்தக் குடிகாரனுக்காகத் தன் ஒடம்பு மேலயே பழியப் போடுதே!" என்றார் மற்றவர்களிடம். பிறகு என் குடத்தை வாங்கி, வரிசையில் எல்லாருக்கும் முன்னால் வைத்து நிரப்பிக் கொடுத்தார்.