இருபத்திரண்டாம் இலக்கம்

வங்கி மேலாளர் கைகுலுக்கக் கையை நீட்டுகிறார். பீற்றிஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நீட்டிய கையைப் பிடித்தபடியே அவரது சட்டைக் கையை ஒரு விரலால் மேலே தள்ளி, மணிக்கூட்டைப் பார்க்கிறார். "நல்ல சாமான். வாரை மட்டும் மாத்துங்க, வேர்வைக்கு நாறும்." பிறகுதான் வணக்கம்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் ஐஸ் தொழிற்சாலை நடத்துகிறார் பீற்றிஸ். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இறால் வியாபாரிகளின் வெள்ளை நுரைப் பெட்டிகளுக்கு (ரெஜிபோம்) நடுவே ரப்பர் சப்பாத்தோடு நடக்கும் அவர் இடது கையில், உலகம் முழுவதற்கும் நூறுக்குள்ளேயே செய்யப்பட்ட சுவிஸ் மணிக்கூடு ஒன்று இருக்கும். அப்படிப் பதினொன்று வைத்திருக்கிறார். மற்றச் சேகரிப்பாளர்கள் பெட்டகத்தில் பூட்டுவார்கள். இவருடைய மணிக்கூடுகள் எல்லாவற்றிலும் ஐஸ் கட்டி உரசிய கீறல்கள்.

"கட்டாம வைக்கிறதுக்கு மணிக்கூடு என்னத்துக்கு? ஓடத்தானே செஞ்சிரிக்கான்?"

கணவர் நோபேட் ஓய்வுபெற்ற ஆசிரியர். "வீட்டில இவ்வளவு மணிக்கூடு இரிக்கி. ஒரு நாளாவது பூசை தொடங்க முதல் கோயிலுக்குப் போயிருக்கமா எண்டு கேளுங்க" என்று, பீற்றிஸைப் பற்றி எழுதப் போயிருந்த என்னிடம் முறையிட்டார். பீற்றிஸ் காதில் விழாதவர்போல மணிக்கூடு ஒன்றுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றில் அவருக்கு உயிர், கரும்பச்சை முகப்புடைய ஒன்று. அறுபது மட்டுமே செய்தார்கள். அவருடையதன் பின்மூடியில் இருபத்திரண்டு என்று பொறித்திருக்கும். வெளிநாட்டுத் தரகர் ஒருவரிடம் நெடுநாள் காத்திருந்து வாங்கியது. சென்ற மாசியில் அதைப் படமெடுத்து, சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். சற்று நேரத்தில் கொழும்பிலிருந்து இதய மருத்துவர் சுதாகரன் அழைத்தார். அவரிடமும் அதே மணிக்கூடு. அதே இருபத்திரண்டு.

ஒன்று போலி.

"அக்கா, ரெண்டு பேரும் பேசாம இருப்பம். திறந்து பார்த்தா ஆரோ ஒராளுக்குத் துக்கம்" என்றார் மருத்துவர்.

"தெரியாம இருக்கிறதுதான் டொக்டர் நோய். அத நானா உங்களுக்குச் சொல்லித்தரவேணும்? மணிக்கூட்டோட வாங்க. இறால் கறி ஆக்கி வைக்கிறன்."

அடுத்த சனிக்கிழமை மருத்துவர் வந்தார். மணிக்கூடு திருத்தும் விஜிதரனையும் கூட்டிவந்திருந்தார். தொழிற்சாலை அலுவலக மேசையில் வெள்ளைத்துணி விரித்து விஜிதரன் இரண்டின் பின்மூடிகளையும் கழற்றினார். உள்ளே இயந்திரத்திலும் அதே இலக்கம் பொறித்திருக்கவேண்டும் என்றார். மருத்துவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பீற்றிஸ் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மருத்துவருடையதில் இலக்கம் இருந்தது. பீற்றிஸுடையதில் வெறும் தகடு.

வெளியே ஐஸ் அரைக்கும் சத்தம் மட்டும். பீற்றிஸ் உருப்பெருக்கியை வாங்கித் தானே பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"என்ட தங்கச்சிட கலியாணத்துக்கும் இதத்தான் கட்டினன்" என்றார் மெல்ல. பிறகு நிமிர்ந்தார். "சரி டொக்டர், உங்கடதான் அசல். சந்தோசமாக் கட்டுங்க."

மருத்துவருக்குத் தன் மகிழ்ச்சியை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. "அந்தத் தரகரிட்டயே திருப்பிக் குடுங்க அக்கா. சத்தமில்லாம எடுத்துக்கொள்ளுவான்."

"எடுப்பான். மறுகா இன்னொராள்ட தலையில கட்டுவான்."

திறந்து கிடந்த தன் மணிக்கூட்டைப் படமெடுத்து, தரகரின் பெயரையும் எழுதிக் குழுவுக்கு அனுப்பினார். "இருபத்திரண்டாம் இலக்கம் கொழும்பில இரிக்கி. என்டது போலி" என்று குரல் பதிவும் போட்டார். கைத்தொலைபேசி விடாமல் சிணுங்கியது. அதை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

விஜிதரன் மூடியைப் பொருத்தியதும், அவருடைய கருவிப்பெட்டியிலிருந்து கூரான ஊசி ஒன்றை எடுத்தார் பீற்றிஸ். பொறித்திருந்த இருபத்திரண்டின் மேல் அழுத்தி, குறுக்கே இரண்டு கோடு இழுத்தார். உலோகம் கிறீச்சிட்டது, மருத்துவர் கண்ணை மூடிக்கொண்டார். பீற்றிஸ் ஊசியைத் துடைத்து வைத்தார். மணிக்கூட்டை இடது கையில் போட்டு, வாரின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்து, இறுக்கிக் கட்டினார்.