நீல டப்பாவில் ஒரு சீட்டு

எங்கள் அம்மாவுக்கு அழுமூஞ்சிகளைக் கண்டால் ஆகாது. அதிலும் தனக்காக யாராவது அழுதால் போச்சு. மார்பில் கட்டி இருக்கிறது, சோதனைக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்ற செய்தி ஆவடி குவார்ட்டர்ஸில் பரவிய வாரம், ஆறுதல் சொல்ல வந்த ஒவ்வொருத்தியையும் டீ கொடுத்துச் சிரிக்க வைத்துத்தான் அனுப்பினாள். அப்பாதான் ஃபேக்டரி விட்டு வந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமை வரும் என்று சொல்லியிருந்தார்கள். காலாண்டு லீவில் இருந்த நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்ததால் அது எனக்கும் தெரியும்.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். எதிர் பிளாக்கில், நாங்கள் பிள்ளைகள் 'ஜெப ஆன்ட்டி' என்று அழைத்த திருநெல்வேலிக்கார அம்மாளின் வீட்டில் நடக்கும். வாசலருகே ஸ்டூலில் இரண்டு காலி பிஸ்கட் டப்பாக்கள். சிவப்பு டப்பா விண்ணப்பத்துக்கு. வேண்டியதை எழுதிப் போட வேண்டும். நீல டப்பா ஸ்தோத்திரத்துக்கு. கிடைத்ததற்கு நன்றி எழுதிப் போட வேண்டும். சிவப்பு எப்போதும் பிதுங்கும். நீலத்தில் மாதத்துக்கு நாலு சீட்டு விழுந்தால் பெரிது. கேட்கிற வேகம் நன்றி சொல்வதில் யாருக்கு இருக்கிறது?

அம்மா எனக்கு முன்னால் விறுவிறுவென்று போய், போட வேண்டியதைப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்துவிட்டாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நீல டப்பாவை எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு சீட்டு. காலண்டரில் கிழித்த தேதித்தாளின் பின்பக்கம், அம்மாவின் குண்டு எழுத்து: 'என் கட்டியைக் குணமாக்கியதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.'

ரிப்போர்ட்டே வரவில்லையே. கடவுளிடமே பொய், அதுவும் எழுத்து மூலமாக. கோபத்தில் அவர் கட்டியைப் பெரிதாக்கிவிட்டால்? ஒருவரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு சீட்டை எடுத்துச் சிவப்பு டப்பாவில் போட்டேன். அம்மாவின் உயிரைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு பாயில் போய் உட்கார்ந்தேன்.

ஜெப ஆன்ட்டி விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்து, அந்தச் சீட்டை எடுத்ததும் நிறுத்திவிட்டார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா எழுந்து நின்றாள். செவ்வாய்க்கிழமைதான் வரும் என்றாள். சீட்டு டப்பா மாறிவிட்டது, தான் போட்டது நீலத்தில்தான் என்றும் சொன்னாள். அறையில் முணுமுணுப்பு எழுந்தது.

"தேவனைச் சோதிச்சுப் பாக்கலாமாம்மா? வேற மாதிரி வந்துட்டுன்னா என்ன செய்வீய?" என்றார் ஜெப ஆன்ட்டி.

"வேற மாரி வந்தா அடுத்த வாரமும் இதையேதான் எழுதுவேன்க்கா. கட்டி கீதுன்னா இருந்துட்டுப் போவுது. அதுக்குப் பயந்துகினு மூலையில குந்த நான் இன்னா அநாதையா? எங்கப்பன் கீறாரு."

அம்மா அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் ஊர்ப் பேச்சும் கூடவே வந்துவிடும். சீட்டை வாங்கிக்கொண்டு போய் நீல டப்பாவில் போட்டு, டப் என்று மூடினாள். திரும்பி வரும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

ஜெப ஆன்ட்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த சீட்டைப் பிரித்தார். பேர் போடாத ஒரு சகோதரி. பயத்தில் தூக்கம் வரவில்லை. பயம் போக ஜெபிக்கவும். எல்லோரும் முழங்காலிட்டோம். எனக்கு இளப்பமாக இருந்தது. இப்படியும் ஒரு பயந்தாங்கொள்ளி! எங்க அம்மா தைரியத்துல கொஞ்சம் எடுத்து அந்த ஆன்ட்டிக்குக் குடுங்க ஆண்டவரே என்று, போனால் போகிறதென்று வேண்டிக்கொண்டேன். முடிவில் அம்மா சொன்ன ஆமென்தான் எல்லோருடையதையும்விடப் பலமாகக் கேட்டது.

ரிப்போர்ட் நல்லதாக வரவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை நீல டப்பாவில் அதே சீட்டு விழுந்தது. ஆபரேஷன் முடிந்து வந்தும், தலைமுடி கொட்டி ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு வந்தும் அதையேதான் எழுதினாள். இன்றைக்கும் பூந்தமல்லி ஷேர் ஆட்டோவில் ஓரச் சீட்டுக்குச் சண்டை போடுகிறாள். என் அம்மாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான்.

அந்த வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், சுவரில் இருந்த தினசரி காலண்டர் சனிக்கிழமை என்று காட்டியது. நாளைக்கே போய்விட்டோமா என்று அம்மாவைக் கேலி செய்தேன். சீட்டு எழுத வியாழக்கிழமைத் தாளைக் கிழிக்கும்போது அவசரத்தில் இரண்டாக வந்துவிட்டது என்றாள். நானும் நம்பினேன். ஒரு தாள் நீல டப்பாவுக்குப் போனதை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். இன்னொரு தாள் எந்த டப்பாவுக்குப் போனது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.