மடை இல்லாத தண்ணீர்

மகன் வீடு கே.கே. நகரில். எதிரே வேப்ப மரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி நிற்கும். காலையில் அந்த ஆள் பெட்டியைத் திறந்து கரியை விசிற ஆரம்பித்தால் நான் பேப்பரை மடித்து வைத்துவிடுவேன். மருமகள் ஓடி வந்து, "புகை சேரலையா மாமா, சன்னலைச் சாத்தவா?" என்பாள். சேராமல் என்ன! ராமநாதபுரம் கடற்கரை வரைக்கும் அந்தப் புகையைக் குடித்துக்கொண்டே போய் வந்தவன் நான். கரியில் கார் ஓடியது என்றால் சிரிப்பாள். அதனால் சொல்வதில்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

யுத்த காலம். பெட்ரோல் கண்ணில் காணக் கிடைக்காது. காரின் முதுகில் பெரிய இரும்புப் பீப்பாய் ஒன்றைக் கட்டியிருப்பார்கள். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, நெருப்பு வைத்து, விசிறியைக் கையால் சுற்றோ சுற்றென்று சுற்றினால் ஒரு வாயு கிளம்பும். அதில்தான் வண்டி ஓடும். ஓடும் என்பது பேச்சுக்குத்தான். மதுரையில் கிளம்பி மானாமதுரை தாண்டுவதற்குள் நாலு தரம் நின்றது. எங்களை ஒரு மாட்டு வண்டி முந்திக்கொண்டு போனது. வண்டிக்காரன் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

கார் ஒரு பஞ்சு வியாபாரியுடையது. ஓட்டியவன் சோணை, என் மாமன் மகன், அவரிடம் டிரைவர். காரியம் இன்னதென்று கேட்டதும் முதலாளி மறு பேச்சுப் பேசாமல் சாவியைக் கொடுத்துவிட்டார். காரியம் அப்படி. என் அக்காவுக்குத் தாலி இறக்கப் போனோம்.

அக்காவை அலங்காநல்லூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. மச்சான் கல்யாணமான மறு வருஷம் ரங்கூனுக்கு அரிசி ஆலை வேலைக்குப் போனார். அங்கே குண்டு விழுந்து சனம் காட்டு வழியாக நடந்தே ஊர் திரும்பியது. வந்தவர்கள் எலும்பும் தோலுமாக வந்தார்கள். மச்சான் வரவில்லை. செத்தார் என்று பார்த்தவனும் இல்லை, இருக்கிறார் என்று சொன்னவனும் இல்லை. அந்த வீட்டில் கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணம் கூடி வந்தபோது ஊர்ப் பெரியவர்கள் கேட்டார்கள்: "மூத்தவனுக்குக் காரியம் செய்யாம எப்படிப்பா முகூர்த்தக்கால் ஊணுவ?" உடம்பு கிடைக்காதவனுக்குத் தர்ப்பைப் புல்லில் பொம்மை செய்து, கரையில் கொள்ளி வைத்து, சாம்பலைக் கடலில் விட வேண்டும். அதற்குத்தான் அக்கா, அவள் மாமனார், சோணை, நான் என்று நாலு பேர் பயணம்.

தாலி இறக்கினால் கட்டுவதற்கு வெள்ளைக் கோடிச் சேலை பிறந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அப்பா இல்லை, நான்தான் பிறந்த வீடு. மாசி வீதியில் ஜவுளிக்கடை குமாஸ்தா வேறு. துணிக்குக் கட்டுப்பாடு இருந்த நேரம்; கடை முதலாளி தயவில் ஒன்று கிடைத்தது. எத்தனையோ பேருக்கு வெள்ளைச் சேலை பிரித்துக் காட்டியிருக்கிறேன், கை கூசியதில்லை. அன்றைக்குக் கூசியது. அக்காவுக்கு இருபத்திரண்டு வயசு.

சேதுக்கரைப் பாதையில் பட்டாளத்துக்காரன் மறித்துவிட்டான். "கடல் எங்கிட்டுப் போனாலும் கடல்தானே மாப்ள," என்று சோணை தெற்கே ஒடித்தான். அப்புறம் பாதையே கிடையாது. பனைகளுக்கு நடுவே மணல், உடைமுள், மறுபடி மணல். ஓரிடத்தில் கடல் தெரிந்தது, குறுக்கே சேற்றுக் கழி. இன்னோரிடத்தில் முள் அடைத்திருந்தது. ஒவ்வொரு தரமும் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறினோம். காரை நாங்கள் தள்ளியதா, கார் எங்களைத் தள்ளியதா என்றால் சரியாகச் சொல்ல முடியாது. கடைசியில் ஒரு திருப்பத்தில் பனை முடிந்தது. கறுத்த பாறைகள், பல்லும் பள்ளமுமாக, கடலுக்குள் இறங்கிக் கிடந்தன. அலை அதில் மோதி ஆள் உயரத்துக்கு எழும்பியது. எங்கள் யாருக்கும் கடல் பழக்கமில்லை. நின்றுவிட்டோம்.

அக்காவின் மாமனார் ஆயுசு பூராவும் கண்மாய்ப் பாசனத்தில் கிடந்தவர். கையை நெற்றியில் வைத்துக் கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "ஏப்பா, இம்புட்டுத் தண்ணிக்கும் மடை எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

பாறைகளுக்கு நடுவே நல்ல இறுகிய மணல். சோணை காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினான். மதுரைக்காரனுக்கு மணல் என்றால் வைகை. வண்டி நிறுத்த, சந்தை போட, கூத்துப் பார்க்க, எல்லாம் அங்கேதான். தண்ணீர் வருவதென்றால் முதல் நாளே ஊருக்குத் தெரிந்துவிடும். அந்தத் தைரியத்தில் சக்கரத்துக்கு அணைக் கல்லும் வைத்தான். பொம்மையும் கோடியும் இருந்த கூடையைக் கார்ப் படியில் வைக்கச் சொன்னார் மாமனார். அக்கா பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தாள். நாங்கள் மூவரும் குளிக்க இறங்கத் தோதான இடம் தேடிப் பாறைகளுக்கு அந்தப்புறம் போனோம்.

வலை இழுக்கிறவர்கள் கத்திய பிறகுதான் திரும்பிப் பார்த்தோம். "யாரு வண்டிய்யா அது? தண்ணி ஏறுது, எடுங்கய்யா!" ஓடி வந்து பார்த்தால் பாதிச் சக்கரம் கடலில். நெருப்பு அவிந்து பீப்பாய் உஸ்ஸென்றது. சோணை தலையில் அடித்துக்கொண்டான். அந்தப் புண்ணியவான்கள் வலைக்கயிற்றைக் கட்டி, பாட்டுப் பாடியே காரைக் கரையேற்றினார்கள். கூடை மட்டும் இல்லை. தூரத்தில் வெள்ளையாக ஏதோ ஒரு தரம் தெரிந்தது, அப்புறம் நுரையா சேலையா என்று பிரிக்க முடியவில்லை.

"மாமா, ராமநாதபுரம் போய் வேற சேலை கிடைக்குமான்னு..." என்று இழுத்தேன். அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோபமாகச் சொன்னார்: "பொறந்த வீட்டுக் கோடி வீட்டுல வச்சுக் கும்பிட்டு எடுத்து வரணும். வழியில வாங்குனா கோடியா? இன்னைக்குத் தாலியத் தொடக் கூடாது. ஏறுங்க எல்லாரும்." கோபமாகச் சொன்னாரே ஒழிய, காரில் ஏறியதும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெற்ற மகனுக்குக் கொள்ளி வைக்கக் கிளம்பி வந்த மனுஷன்.

திரும்பும்போது அக்கா புளிச்சோற்று மூட்டையை அவிழ்த்தாள். மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள், இரண்டு உருண்டை தின்றுவிட்டு எங்களுக்கும் கொடுத்தாள்.

அடுத்த மாசமே எனக்கு வேறு கோடி கிடைத்தது. போய்ச் சொன்னேன். "என்ன அவசரம்?" என்றார் மாமனார். கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் ஊன்றியபோது பெரியவர்கள் மறுபடி கேட்டார்கள். "உசிரோட இருக்கிறவனுக்கு என்ன காரியம்?" என்று மாமனார் போட்டார் ஒரே அதட்டு. அதோடு பேச்சு அடங்கியது.

வெகுகாலம் கழித்து அக்காவிடம் கேட்டேன், அம்புட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குத் தண்ணீர் ஏறியது தெரியவில்லையா என்று. "பாத்துக்கிட்டுத்தான்டா இருந்தேன். கூப்பிடத் தோணல," என்றாள். கார் போயிருந்தால் சோணை கதி என்ன என்றேன். "அவனுக்கு வேற வேலை கிடைச்சிருக்கும்," என்றாள்.

சில வருஷம் முந்தி பஸ்ஸில் அந்தப் பக்கம் போனேன். தார் ரோடு கடல் வரைக்கும் போகிறது. பாறைகளை வெடி வைத்து எடுத்துவிட்டார்கள். பனைகள் போய்ச் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. மாமனார் இல்லை, சோணையும் இல்லை. போன தை மாசம் அக்காவும் மஞ்சள் குங்குமத்தோடு போய்ச் சேர்ந்தாள். சுமங்கலி, கொடுத்து வைத்தவள் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கடைசி வரை இருந்தது. இனி அந்த வீட்டில் அப்படிப் பார்க்க ஆளில்லை. ரங்கூனில் என்ன ஆனதோ எனக்குத் தெரியாது; என்னைக் கேட்டால், மச்சான் செத்தது போன தை மாசம்தான்.