அசையாத மகாராணி

போர்ட் பிளேரில் ஒரு தியேட்டரில் நான் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது மேனேஜர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: பிலிம் கருகினால் அடுத்த கப்பலில் மெட்ராஸ். ஆர்க் விளக்கின் சூடு அப்படி. ஓடுகிற பிலிம் கொஞ்சம் நின்றாலே பொசுங்கிவிடும். ஆகவே திரையில் உருவம் அசையாமல் நின்றால் விளக்கை மறைக்கும் ஷட்டரை மூடிவிட வேண்டும். எனக்குத் தெரிந்த தொழில் அவ்வளவுதான்.

சேர்ந்த வாரமே கப்பலில் ஒரு சரித்திரப் படம் வந்தது. கேமராமேன் சித்திரக்காரராகப் பிறந்திருக்க வேண்டியவர். ஜன்னலோரம் மகாராணி நிற்கிறாள். பாதி முகத்தில் விளக்கொளி, பாதி இருட்டு. இமைகூட ஆடவில்லை. வசனமும் இல்லை, வாத்தியமும் இல்லை. பதறிப்போய் ஷட்டரை மூடினேன். ஒரே விசில். மெஷினைப் பார்த்தால் பிலிம் சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த ரீலில் ராஜா தூணருகே நின்றார். மறுபடி மூடினேன்.

மேனேஜர் மூச்சிரைக்க மேலே மெஷின் அறைக்கு வந்தார். "ஏன்யா, சாத்தம் மர மில்லு இஞ்சினியர் சாப் குடும்பத்தோட வந்து உக்காந்திருக்காரு. அது நின்னுபோகலய்யா, ஆர்ட்டு. இனிமே ஷட்டரத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்."

கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசி ரீலில் மகாராணி மறுபடியும் ஜன்னலுக்கு வந்து நின்றாள். நானும் வாயைப் பிளந்து பார்த்தேன். அவள் மூக்கில் பழுப்பாக ஒரு புள்ளி விழுந்தது. கன்னத்துக்குப் பரவி, முகமே கொப்புளித்து உருகியது. அதையும் ஆர்ட்டு என்றுதான் நினைத்தேன். கருகிய வாடை மூக்கில் ஏறிய பிறகே ஷட்டரை மூடினேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

கீழே கைதட்டல்.

கையை ஓங்கிக்கொண்டு வந்த மேனேஜருக்குப் பின்னாலேயே வங்காளி இஞ்சினியரும் ஏறி வந்து என் கையைக் குலுக்கினார். "க்யா சீன் ஹை பாய்! ராணி ஜல் கயி, ஏக்தம் பெயின்டிங்!" ராணி எரிந்தது ஓவியம் மாதிரி இருந்ததாம். மேனேஜர் ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார். என் வேலை பிழைத்தது.

இப்போது தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆபரேட்டர் திரையை நம்பக் கூடாது, மெஷின் சத்தத்தைக் கேட்க வேண்டும். சத்தம் மாறினால் மூடு, யார் கையை ஒடித்தாலும் சரி.

மறுநாள் கருகிய துண்டை வெட்டி எறிந்து, பிலிமை ஒட்டி ஓட்டினேன். இஞ்சினியர் பேச்சைக் கேட்டு மில் ஆட்கள் திரண்டு வந்திருந்தார்கள். படம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. "ஆக் வாலா சீன் கிதர்?" என்று பெஞ்சைத் தட்டினார்கள். தீப்பிடிக்கும் காட்சி வேண்டுமாம்.

மேனேஜர் மேலே ஏறி வந்து கதவைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏம்ப்பா, கொஞ்சூண்டு எரிச்சுக் காட்ட முடியுமா?"