மெஷின் வராத வாசல்

என் வலது தோள் எலும்பை உடைத்தவள் அங்கம்மா. அதற்காக அவளை லாக்கப்பில் உட்கார வைத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

மலேசியாவில் பாசிர் கூடாங் பக்கத்தில் எங்கள் தாமான், வரிசைவீட்டுக் குடியிருப்பு. என் வீட்டுக்கு அடுத்த மூலைவீடு அவளுடையது. அவளும் புருஷன் அய்யாவுவும் கான்ட்ராக்டரிடம் நெடுஞ்சாலையோரம் புல் வெட்டியவர்கள். மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு பத்தொன்பது வருஷம். ஆயர் ஈத்தாம் தாண்டி ஒரு நாள், புல்லுக்குள் கிடந்த இரும்புக் கம்பியில் பட்டு பிளேடு உடைந்து அய்யாவுவின் தொடையில் பாய்ந்தது. இருபதடி தள்ளி முதுகைக் காட்டி அங்கம்மா வெட்டிக்கொண்டே இருந்தாள். அவள் திரும்பிப் பார்த்தபோது புல் சிவந்து கிடந்தது, அவரிடம் பேச்சில்லை.

அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே வாசல் புல்தரையைக் கொத்த ஆரம்பித்தாள். பாம்பை அடிப்பதுபோல அடித்தாள். புல்லை வேரோடு பிடுங்கிக் காயப்போட்டாள். அந்த இடத்தில் உலாம் ராஜா, தும்பை, வெட்டுக்காயப் பூண்டு, ரோட்டோரத்தில் பறித்த பெயர் தெரியாத பூப்புல் எல்லாம் விதைத்தாள். ஆறு மாதத்தில் இடுப்புயரத்துக்கு வந்துவிட்டது. பட்டாம்பூச்சி வேறு வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் தாமான் சங்கச் செயலாளர்; என் வாசலில் ஒரு புல் கூட அளவு தாண்டி நிற்காது. பாம்பு வரும், டெங்கி வரும் என்று மூன்று கடிதம் கொடுத்தேன். ஏன் இப்படி வைத்திருக்கிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

தாமான் முழுக்கக் கூடித் துப்புரவு செய்யும் கோத்தோங் ரோயோங் ஞாயிறு வந்தது. வாடகை மெஷினோடு அவள் கேட்டைத் தள்ளிக்கொண்டு நானே நுழைந்தேன். அரைக்கால் சட்டை, ரப்பர் சிலிப்பர். பூவும் தண்டும் கிழிந்து முகத்தில் அடித்தன. எனக்கு ஒரே குஷி. பாதித் தோட்டம் போய்விட்டது. அவள் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. மண்வெட்டிக் காம்பு தோளில் இறங்கியதுதான் தெரியும். விழுந்தேன். என்னிடமிருந்து மெஷினை உருவி நிறுத்தியவள், மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து மெஷின் சுக்குநூறாகும்வரை அடித்தாள்.

"அவரு கத்துனது எனக்குக் கேக்கல. இந்தச் சனியன் சத்தத்துல கேக்கல. இது என் வாசலுக்கு வரக்கூடாதுன்னுதானே புல்லையே அழிச்சேன். நீங்களே கொண்டாந்துட்டீங்களே, செகரெட்டரி."

கேட்டேன். புரிந்தது. ஆனால் வலி உயிர் போயிற்று, நாலு பேர் பார்க்க மண்ணில் கிடந்த மானக்கேடு அதைவிட வலித்தது. போலீசில் ரிப்போர்ட் கொடுத்தேன். அவள் உள்ளே இருந்த இரண்டு நாளில் மிச்சத்தையும் தரைமட்டமாக வெட்டச் சொன்னேன். இனி மாதம் இரண்டு முறை கான்ட்ராக்ட் ஆள் வருவான் என்று சங்கத்தில் முடிவும் செய்ய வைத்தேன்.

அங்கம்மா திரும்பி வந்தாள். மொட்டைத் தரையைப் பார்த்தாள். வீட்டுக்குள் போனாள்.

இரண்டு வாரம் கழித்து அந்த ஆள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். அவள் வாசலில் மெஷின் இரைந்ததும் அங்கம்மா வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாள். என்னைத்தான் அடிக்க வருகிறாள் என்று பயந்து கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னலில் நின்றேன். அவள் என் பக்கமே வரவில்லை. பிளேடுக்கு நேர் எதிரே, கல் தெறிக்கும் தூரத்தில் போய் நின்றாள். ஒரு கல் பறந்து முழங்காலைக் கிழித்தது. ரத்தம் பாதம்வரை வழிந்தது. அவள் அசையவில்லை, அந்த ஆளின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவும் இல்லை.

அவர் பதறிப்போய் மெஷினை நிறுத்தினார். "அலமாக், இங்க ஏன்மா நிக்கிறீங்க? உள்ள போங்க லா."

"நீங்க கத்துனா கேக்காதுண்ணே. வாய் அசையறதாவது தெரியணும். நீங்க வெட்டுங்க, நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன்."