மருதமுத்துவின் கொள்ளி

வேலைக்குப் போகுமுன் சாமுவேல் தன் தகப்பனைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் போவான். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோன மருதமுத்துவைக் கட்டிலில் புரட்டி, முதுகைத் துடைத்து, பவுடர் போட்டு, கஞ்சி ஊட்டுவான். ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்ட் வேலை. நோயாளியைப் புரட்டுவதில் கை தேர்ந்தவன். ஒரு நாள் தவறியதில்லை. ஒரு கடுஞ்சொல் கிடையாது. நல்ல சொல்லும் கிடையாது, அது வேறு விஷயம்.

அவர்கள் குடியிருந்த காஜா பெராங் வட்டாரத்தில் அவனுக்கு நல்ல பெயர். பக்கத்து வீட்டு அப்பாசாமி தன் பிள்ளைகளைத் திட்டும்போதெல்லாம் சாமுவேலைத்தான் உதாரணத்துக்கு இழுப்பார். யாராவது மெச்சினால் சாமுவேல், “தகப்பனக் கனம்பண்ணுன்னு தேவன் கட்டளை போட்டிருக்காரு. செய்யிறேன்” என்பான். ஆஸ்பத்திரியில் தனக்கு மேலதிகாரியான பெரிய டிரெஸ்ஸர் சொன்னதை ஏன் என்று கேட்காமல் செய்பவன் அவன். அவனுடைய தேவனும் ஏறக்குறைய அந்த டிரெஸ்ஸர் மாதிரிதான் இருந்தார். உத்தரவு போடுவார், நடந்ததா என்று பார்ப்பார்.

முன்பு அவன் பெயர் கணேசமூர்த்தி. வாலிபத்தில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பிய அன்று, பால்வாளி சுமக்கும் காண்டாக் கம்பை எடுத்து மருதமுத்து அவனை லயமே பார்க்க அடித்தார். இடது முழங்கை உடைந்தது. இன்றைக்கும் அது முழுதாக நீளாது. அப்பாவை மன்னித்துவிட்டேன் என்று சபையில் எழுந்து சாட்சி சொன்னான் சாமுவேல். சொன்னதை அவனே நம்பியும்விட்டான்.

சுதந்திரத்துக்காக ஊரெல்லாம் தோரணம் கட்டிக்கொண்டிருந்த மாதத்தில் கிழவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு காலையில் கஞ்சிக் கரண்டியை இடது கையால் தடுத்தார்.

“கணேசு, நீதான்டா எனக்குக் கொள்ளி வெக்கணும்.”

“எங்களுக்கு அது ஆகாதுப்பா.”

“மொட்ட போட வேணாம். சாமி கும்பிட வேணாம். நெருப்ப மட்டும் வெச்சுடு. ஒத்தப் பிள்ள நீ இருந்தும் நான் அனாதப் பொணமாப் போகணுமா?”

“கஞ்சியக் குடிங்க.”

“ஒங்க போதகர்கிட்ட ஒரு வார்த்த கேளுடா. அவரு கூடாதுன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

தினமும் இதே கெஞ்சல். ஒரு காலத்தில் லயத்தையே அதட்டி வைத்திருந்த மனிதர் பிச்சைக்காரனைப் போலக் கேட்டார். கேட்கும்போது சாமுவேலுக்கு உள்ளே எங்கோ இனித்தது. அந்த இனிப்பை விசுவாசத்தின் உறுதி என்று நினைத்துக்கொண்டான், மகா யோக்கியன்!

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரிடம் கேட்டான். கூடாது என்பார் என்றுதான் கேட்டான்.

“மந்திரம் சொல்லாத, பூசைல நிக்காத. நெருப்ப மட்டும் வெச்சுட்டு வா” என்றார் போதகர். “தேவனப் பிதான்னுதானே கூப்பிடறோம் தம்பி? பெத்த தகப்பனோட கடைசி ஆசைய மறுத்துட்டு அவரப் பிதான்னு எப்படிக் கூப்பிடுவ?”

வீட்டுக்கு நடக்கையில் அவனுக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. ஏன் ஏமாற்றம் என்று பாதி வழியில் புரிந்தது. இத்தனை நாள் மறுத்தது தேவன் அல்ல, தான்தான். அதற்கு வெட்கப்படவும் செய்தான். ஆனாலும் வீட்டு வாசலை மிதித்ததும் காண்டாக் கம்பு நினைவுக்கு வந்துவிட்டது.

“கேட்டியாப்பா?” கிழவர் தலையைத் தூக்கப் பார்த்தார்.

“கேட்டேன். கூடவே கூடாதுன்னுட்டாரு. தேவனோட கட்டளையாம்.”

கிழவர் அழுவார், சபிப்பார் என்று காத்து நின்றான். அதைப் பார்க்கத்தான் இவ்வளவும். கிழவர் அழவுமில்லை, சபிக்கவுமில்லை.

“சரிப்பா. சாமி பேச்ச மீறி நீ என்ன செய்வ? அவரு சொல்றபடியே நட. நீ வெக்க வேணாம், அப்பாசாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ சங்கடப்படாத” என்றார். பிறகு, “அன்னிக்கி நான்தான் தெரியாம அடிச்சுட்டேன்” என்றார்.

பொய் சொன்னேன் அப்பா என்றால் போதும். சாமுவேலுக்கு நாக்கு எழவில்லை. காலையில் குளிப்பாட்டும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். காலையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. அப்படியும் குளிப்பாட்டினான், காது மடல்வரை சுத்தமாகத் துடைத்தான்.

முந்தின சாயங்காலம் பார்க்க வந்தபோது கிழவர் கேட்டுக்கொண்டபடி, சுடலையில் அப்பாசாமி கொள்ளியோடு நின்றார். அங்கே வந்திருந்த போதகர் சாமுவேலின் முதுகை மெல்லத் தள்ளினார். “போ தம்பி, நான்தான் சொன்னேனே.”

“அப்பாவே வேணாம்னு சொல்லிட்டாருங்கய்யா” என்றான் சாமுவேல்.

போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தின் நடுவில் அவனை எழுந்து நிற்கச் சொல்லி, தகப்பனின் கடைசி வார்த்தைக்கும் கீழ்ப்படிந்த பிள்ளை இவன் என்று சபைக்குக் காட்டினார். சனங்கள் ஸ்தோத்திரம் என்றார்கள். சாமுவேலும் சொன்னான்.