அம்மன் சந்நிதியில் ஓட்டெடுப்பு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் யோசித்தேன். எழுதினால் அம்மனைக் குறை சொன்னவன் ஆகிவிடுவேனோ என்ற பயம் ஒரு பக்கம். கோயில் தலைவர் எனக்கு மச்சான், வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் முகத்தில் விழித்தாக வேண்டும் என்ற சங்கடம் இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் சொல்ல மாட்டேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் ரிங்லெட் டவுனைத் தாண்டி மேலே ஏறும் வழியில் இருக்கிறது. கீழ் லயம், மேல் லயம் என்று இரண்டு வரிசை வீடுகள், இரண்டுக்கும் மேலே கோயில். மலை ஊற்றுத் தண்ணீர் கோயில் தொட்டிக்கு வந்து, அங்கிருந்து இரு லயத்துக்கும் பிரியும். பிரித்துவிடும் வால்வின் சாவி கோயில் தலைவரிடம். என் மனைவிக்குப் பெரியப்பா மகன் அவர், கீழ் லயத்துக்காரர். தாத்தா கங்காணி, அப்பா கோயில் தலைவர், அதனால் இவரும் தலைவர். மழை குறைந்த மாதங்களில் கீழ் லயத்துத் தொட்டிகள் நிரம்பி வழிந்த பிறகுதான் எங்கள் மேல் லயத்துக்குத் திறந்துவிடுவார். அங்கே எங்களோடு தோட்டத்தில் வேலை செய்யும் நேப்பாளத்துக்காரர்களும் இருக்கிறார்கள். என் மனைவி வாளியோடு கீழே இறங்கி ஏறி முழங்கால் தேய்ந்து போனாள். அதுதான் விஷயம். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தது.

அப்போது மகள் கல்லூரியில் அரசாங்க முறை பற்றிப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது பாடத்தைச் சொன்னாள். அமெரிக்காவில் இருந்தவர்களைக் கேட்காமல் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ராஜா தேயிலைக்கு வரி போட்டாராம். கோபத்தில் கப்பலில் ஏறித் தேயிலையைக் கடலில் கொட்டிவிட்டார்களாம்.

என் மனைவி குழம்புக் கரண்டியை அப்படியே நிறுத்தினாள்.

“எல்லாத்தையுமா?”

“பெட்டி பெட்டியா, அம்மா.”

“கொழுந்து கிள்ளினவள ஒரு வார்த்த கேட்டாங்களா?”

“அது சீனாவுல வெளஞ்சதும்மா.”

“சீனாவுல கிள்ளினவளுக்கு மட்டும் இடுப்பு வலிக்காதாமா?”

அமெரிக்க ஜனநாயகத்துக்கு எங்கள் வீட்டில் எழுந்த முதல் ஆட்சேபம் அது. மகள் விடவில்லை. சட்டம் போடுகிறவர், நடத்துகிறவர், தீர்ப்புச் சொல்கிறவர் மூவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்று அவர்கள் எழுதி வைத்தார்களாம்.

“அப்ப தண்ணி யாருக்கு எப்பன்னு சொல்றவரும், வால்வத் திறக்கிறவரும், சண்ட வந்தா பஞ்சாயத்துப் பண்றவரும் ஒருத்தரா இருக்கக்கூடாதுங்கிற.”

“அதேதாம்மா.”

“இதுக்கா அவ்வளவு தேயிலைய வீணாக்கினாங்க? எங்க அண்ணன ஒரு வாரம் பாத்திருந்தா போதுமே.”

அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் அவள் எழுந்து நின்றாள். தேர்தல் வைக்க வேண்டும், தலைவர் பதவிக்குத் தானே நிற்கிறேன் என்றாள். மச்சான் சிரித்தார்.

“தங்கச்சி, அண்ணன் இருக்கும்போது ஒனக்கு என்னா கொற?”

“தண்ணி, அண்ணே.”

மச்சான் தேர்தலுக்குச் சம்மதித்தார். தோற்பது என்ற ஒன்றை அவர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கோயில் கட்டிய குடும்பங்களுக்கு மட்டும்தான் ஓட்டு என்றார். வருடா வருடம் அம்மனைத் தோளில் தூக்கிச் சுமப்பது நேப்பாளத்துப் பையன்கள். அவர்களுக்கு இல்லையா என்று கேட்டோம். என் மகள் பொய் சொல்லத் தெரியாதவள். “அமெரிக்காவுலயும் ஆரம்பத்துல நெலம் வச்சிருந்த ஆம்பளைங்களுக்குத்தான் மாமா ஓட்டு” என்றாள்.

“பாத்தியா. நாம சரியாத்தான் ஆரம்பிச்சிருக்கோம்.”

அந்த உற்சாகத்தில் பெண்களையும் நீக்கப் பார்த்தார். “அப்ப திருவிழாப் பொங்கலையும் ஆம்பளைங்களே வச்சுக்கட்டும்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தத் திருத்தம் கைவிடப்பட்டது.

கை தூக்கும் ஓட்டு எங்களுக்கு ஒத்துவராது. தூக்குகிற ஒவ்வொரு கையும் அவருக்கு மருமகன் கை, சித்தப்பா கை, சம்பந்தி கை. அதனால் பூ போடலாம் என்று முடிவானது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம், வீடு மாறுவது என்று மனசு தடுமாறினால் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் முன் வைப்போம். ஒன்றை எடுத்துப் பிரித்தால் எது வருகிறதோ அதுவே உத்தரவு. பொட்டலம் கட்டிப் பழகிய கைகள்தானே என்று ஓட்டையும் அப்படியே வைத்துக்கொண்டோம். மச்சானுக்குச் சிவப்பு, என் மனைவிக்கு வெள்ளை. கோலா தெர்லாவிலிருந்து பூ வந்தது. ஆளுக்கொன்றாக மறைவில் மடித்துப் பொங்கல் பானைக்குள் போட்டோம்.

பூசாரி பானையைச் சந்நிதிக்குள் கொண்டுபோனார். எண்ணுவதற்கு முன் ஆசீர்வாதம் என்று நினைத்தோம். அவர் கண்ணை மூடினார், ஒரு பொட்டலத்தை எடுத்தார், பிரித்தார். சிவப்பு. மணி அடித்தது, கற்பூரம் எரிந்தது, எல்லோரும் தரையில் விழுந்து கும்பிட்டோம். நானும் விழுந்தேன். என் மனைவியும் விழுந்தாள். எழுந்து திருநீறு பூசிக்கொண்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

“பூசாரி ஐயா, மத்ததையும் பிரிங்க.”

“உத்தரவு ஆயிடுச்சு தாயி. இனிமே பிரிச்சா அம்மாவ நம்பலன்னு ஆயிடும்.”

மச்சான் நெற்றி நிறையத் திருநீறோடு கையை விரித்தார். “நானா எடுத்தேன் தங்கச்சி?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வருடம் தவறாமல் விரதமிருந்து தீ மிதிக்கிறவன் நான். பூவில் அம்மன் பேசுகிறாள் என்பதை இன்றைக்கும் நம்புகிறேன். என் பொட்டலத்தில் எந்தப் பூவை வைத்தேன் என்பதும் எனக்குத் தெரியும். “பிரிக்க வேண்டாம்” என்றேன். “கொட்டவும் வேண்டாம். பானை அம்மா காலடியிலேயே இருக்கட்டும்.”

என் மனைவி பானையைப் பார்த்தாள். அப்புறம் அண்ணனைப் பார்த்தாள்.

“சரிண்ணே. அம்மா சொல்லிட்டா, நீங்களே தலைவரா இருங்க. நான் எண்ணச் சொல்லல. வால்வு சாவி மட்டும் என்கிட்ட இருக்கட்டும். யாருக்கு எந்நேரம் தண்ணின்னு ரெண்டு லயமும் ஒக்காந்து பேசட்டும்.”

மச்சானும் பானையைப் பார்த்தார். உள்ளே என்ன நிறம் அதிகம் என்று அவருக்கும் தெரியாது. சுற்றி நின்றவர்கள் யாரும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. சாவியைக் கொத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து மேல் லயத்துக்குத் தண்ணீர் வருகிறது. மச்சான் எப்போதாவது அதிகாரமாகப் பேச ஆரம்பித்தால், “பூ காஞ்சாலும் நெறம் தெரியும்ணே, பாத்துருவோமா?” என்பாள் என் மனைவி. அவர் கோயில் விளக்கைத் துடைக்கப் போய்விடுவார். ஒருவர் அதிகாரத்தை இன்னொருவர் அதிகாரம் தடுத்து நிறுத்துவது என்று இதற்குப் பாடத்தில் பெயர் இருக்கிறதாம். நேப்பாளத்துப் பையன்களுக்கு இன்னும் ஓட்டு இல்லை. ஒருவன் தண்ணீர் பிடிக்கும்போது கேட்டான். “அமெரிக்காவுலயும் இழுத்தடிச்சுத்தான் குடுத்தாங்களாம், நீ கேட்டுக்கிட்டே இரு” என்று சொல்லி அனுப்பினாள்.

பிரிஞ்சாங் சந்தையில் என் மனைவிதான் ஜெயித்தாள் என்று ஒருவர் சொன்னாராம். கீழ் லயத்தில் வேறு கணக்குச் சொல்கிறார்கள். யாரும் எண்ணவில்லை. அம்மன் மேல் ஆணையாகக் கேட்கிறேன், இதை யாரிடம் சொன்னாலும் நான் சொன்னபடியே சொல்லுங்கள். இத்தனை வெள்ளை, இத்தனை சிவப்பு என்று எதையும் சேர்த்துவிடாதீர்கள். எண்ணிக்கை தெரிந்துவிட்டால் ஒருவருக்கு இன்னொருவர் பயப்படத் தேவையில்லை. அப்புறம் மேல் லயத்துக்குத் தண்ணீர் வராது.